வெறும் வயிற்றில் ஒரு லேப்டாப்

"இந்த வீட்டுல இனிமே எல்லா முடிவும் அறிவியல்பூர்வமாத்தான் எடுக்கப்படும்!" என்று அப்பா அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. கையில் பல்துலக்கி. வாய் நிறைய நுரை.

அப்பா அறிவியல் என்று ஆரம்பித்தால் நான் உஷாராகிவிடுவேன். போன முறை அவர் அறிவியல்பூர்வமாக முடிவெடுத்தபோது சமையலறைக் குழாய் மேல்நோக்கிப் பீய்ச்சியது.

எங்கள் வீட்டில் மூன்று பேர். மூன்று பேருக்கும் அளப்பதுதான் பிழைப்பு. அப்பா தண்ணீர் மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. எத்தனை மணி நேரம் ஓடினால் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்து மோட்டாருக்கு முத்திரை குத்துவார். அம்மா மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக்கூடம். நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் முதுகலை, இறுதியாண்டு. மூவரில் அப்பா மட்டும் வீட்டுக்கு வந்த பிறகும் அளந்துகொண்டே இருப்பார்.

(அப்பா 'சொன்னார்', அம்மா 'சொன்னாள்' என்று எழுதும் வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. இருவரும் 'சொன்னார்'தான். இந்த வீட்டில் அம்மாவுக்கு நான் வாங்கிக்கொடுத்த ஒரே சம உரிமை அது. அதற்கு அவர் இன்றுவரை நன்றி சொல்லவில்லை.)

வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வருடத்துக்கு ஒரே ஒரு பெரிய பொருள். போன வருடம் துணி துவைக்கும் மெஷின். அதற்கு முந்தைய வருடம் பீரோ. இந்த வருடத்துக்குக் களத்தில் இரண்டு வேட்பாளர்கள். எனக்கு லேப்டாப். அப்பாவுக்கு நாற்காலி.

நாற்காலி என்றால் நீங்கள் நினைக்கும் நாற்காலி இல்லை. மாடி வீட்டு மாமா வாங்கியிருக்கிறாரே, அது. ஒரு பொத்தானை அமுக்கினால் சாயும். இன்னொன்றை அமுக்கினால் முதுகைப் பிசையும். மூன்றாவதை அமுக்கினால் கால்களைத் தூக்கிவைத்துக்கொள்ளும். "சும்மா பார்த்துட்டு வந்துடறேன்" என்று மாடிக்குப் போன அப்பாவை மூன்று மணி நேரம் கழித்து மாமாவே கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்து விட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்கு முதுகுவலி. அதற்கு முதல் நாள்வரை அவருக்கு முதுகு இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

என் தேவை அப்படிப்பட்டதா? நீங்களே சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் ஒரே லேப்டாப்புக்கு ஒன்பது வயது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் ப்ராசஸர். உள்ளே காத்தாடி கிடையாது. சத்தம் கிடையாது. வேகமும் கிடையாது. என் ஆய்வேடு, வரிசையில் நிற்பவர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதைப் பற்றியது. ஒரு மருத்துவமனைச் சீட்டு வரிசையைக் கணினிக்குள் பத்தாயிரம் முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த மகராசி எட்டு மணி நேரம் ஓடுவாள். ஒன்பதாவது மணியில் உறைந்துபோய் நிற்பாள். ஒப்படைக்க ஐந்து வாரம்தான் பாக்கி. இதுவரை ஒரு முறைகூட முழுதாக ஓடி முடிந்ததில்லை.

"காத்திருக்கறதைப் பத்தித்தானேம்மா எழுதற? நேரடி அனுபவம் கிடைக்குதுல்ல?" என்றார் அப்பா.

"இது ஓடி முடிக்கலைன்னா எனக்குப் பட்டமே கிடையாதுப்பா."

"ஓடும் ஓடும். பழகணும்."

"ஒன்பது வருஷமா பழகலையா?"

"உனக்குப் பொறுமை பத்தலை."

"உங்க முதுகுக்கு மட்டும் பொறுமை இருக்கா? சரி, ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். இந்த வீட்டுல ஒரு பொண்ணோட படிப்பு பெருசா, ஒரு ஆம்பளையோட முதுகு பெருசா?"

அப்பா நுரையை விழுங்கிவிட்டார்.

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த அம்மா ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றினார். "என்னடி சொன்ன? இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். இந்த முறை இன்னும் கொஞ்சம் உணர்ச்சியோடு.

"நல்லாத்தான் கேட்டிருக்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஒரு மாதமாக அம்மா இப்படித்தான். எந்நேரமும் காதில் இயர்போன். கைப்பேசியைக் கை எட்டும் தூரம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்ப்பார். மன அமைதிக்கு ஏதோ தியானம் என்றார் அப்பா. எங்கள் இருவரோடு குடும்பம் நடத்துகிறவருக்கு அது தேவைதான் என்று நானும் விட்டுவிட்டேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டு வந்த அப்பா திட்டத்தை விரித்தார். பெஞ்ச்மார்க் என்று ஒன்று இருக்கிறதாம். இலவச மென்பொருள். ப்ராசஸருக்குக் கணக்குமேல் கணக்காகக் கொடுத்து, அது எவ்வளவு வேகமாகப் போடுகிறது என்று பார்த்து மதிப்பெண் போடுமாம். என் துறையின் இணையப் பக்கத்தில், ஆய்வுக்குக் குறைந்தபட்சம் ஆயிரத்து ஐந்நூறு மதிப்பெண் எடுக்கும் கணினி வேண்டும் என்று போட்டிருப்பதையும் அவரே தேடிக் கண்டுபிடித்திருந்தார். என் துறைக்கு இணையப் பக்கம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

"ஆயிரத்தைந்நூறுக்கு மேல வந்தா பழசே போதும். நாற்காலி. கீழ வந்தா உனக்குப் புது லேப்டாப். நேர்மையா இல்லையா, சொல்லு."

"ஒரு மார்க் கூட வந்தா பாஸா?"

"பாஸுன்னா பாஸுதானே!"

இதைச் சொன்னவர் யார்? பள்ளியில் நான் தொண்ணூற்றேழு வாங்கி வந்தபோது "மீதி மூணு எங்க?" என்று கேட்டவர். பள்ளிக்கூடம் முழுக்க என்னைத் தேடவிட்டவர். பெண்ணுக்கு ஒரு நீதி, ப்ராசஸருக்கு ஒரு நீதி!

"நீதிபதி யாரு?" என்றேன்.

"உங்கம்மா. தினமும் சோதனை பண்றவ. அவளுக்கு ரெண்டு பேரும் ஒண்ணு."

அம்மா தலையை ஆட்டினார். தியானத்துக்கா, இதற்கா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அப்பா என்னை எழுப்பி லேப்டாப் திரையைக் காட்டினார். ஆயிரத்து எழுநூற்று முப்பத்தொன்று.

நான் நம்பவில்லை. இந்த லேப்டாப் ஒரு படத்தைத் திறக்கவே பெருமூச்சு விடும். இதுவாவது ஆயிரத்து எழுநூறாவது! அப்பா வேலைக்குப் போகட்டும் என்று காத்திருந்து, மதியம் நானே சோதனை செய்தேன். எண்ணூற்று நாற்பத்தாறு. சாயந்திரம் அப்பா கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"இது பித்தலாட்டம்!"

"உங்களோடதுதான் பித்தலாட்டம்!"

"ஏய், இங்க வா. உன் பொண்ணு என்ன பண்ணியிருக்கான்னு பாரு!"

அம்மா வந்தார். லேப்டாப்பின் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு ஜன்னலோரம் வெயிலில் கிடந்த கம்பளிப் போர்வையைத் தூக்கிப் பார்த்தார்.

"போர்வைக்குள்ள சுத்தி வெயில்ல வெச்சியா?"

"...கொஞ்ச நேரம்தான்."

"திரையில பின்னாடி எத்தனை ஜன்னல் திறந்து வெச்ச?"

"நாப்பது."

அப்பா கைதட்டிச் சிரித்தார். அம்மா நேராக ஃபிரிட்ஜுக்குப் போனார். முட்டைக்கோஸுக்கும் பால் பாக்கெட்டுக்கும் நடுவில், சரியாக ஒரு லேப்டாப் அளவுக்குக் காலி இடம். பக்கத்தில் ஒரு பெரிய பாலிதீன் பை. அப்பாவின் கைத்தட்டல் பாதியில் நின்றது.

"இங்க எவ்வளவு நேரம் வெச்சீங்க?"

"அது... பை போட்டுத்தான் வெச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"ராத்திரிலேர்ந்து."

விஷயம் இதுதான். அப்பா எங்கேயோ படித்திருக்கிறார். காத்தாடி இல்லாத இந்த மாதிரி ப்ராசஸர், குளிர்ந்திருக்கும்போது முதல் சில நிமிடம் பிய்த்துக்கொண்டு ஓடும். சூடு ஏறியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதை அவர் எங்களுக்கு விளக்கினார்.

"ஆரம்பத்துல நல்லா வேலை செய்யும். கொஞ்சம் சூடானா உடனே மந்தமாயிடும்."

அம்மா அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தார்.

"எங்ககிட்டயும் இப்படித்தான் வருவாங்க" என்றார் பிறகு. "ஒரு மாசம் பூரா இனிப்பு தின்னுட்டு, சோதனைக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து வந்து கையை நீட்டுவாங்க. அளவு அருமையா வரும். சில பேரு வேலைக்கு லீவு வேணும்னு வேணும்னே தின்னுட்டு வருவாங்க. நீங்க இந்த லேப்டாப்பை வெறும் வயித்துல கூட்டிட்டு வந்தீங்க. இவ விருந்து போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கா. ரெண்டும் செல்லாது."

"அப்போ?"

"ஒழுங்கா எடுப்போம். ஒரு மணி நேரம் அது வேலை செய்யட்டும். அப்புறம் மூணு தடவை ஓட்டி சராசரி. என்ன ஏற்பாடு வேணும்னாலும் பண்ணிக்கோங்க. ஆனா தினமும் அப்படியே வெச்சுக்கிட்டு அவ வேலை செய்ய முடியணும். ஃபிரிட்ஜுக்குள்ள உக்காந்து எழுத முடியாது."

நியாயம்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"இன்னொண்ணு" என்றார் அம்மா. "அந்த மென்பொருள் சரியா அளக்குதுன்னு எப்படித் தெரியும்?"

அப்பா விழித்தார்.

"எங்க லேப்ல காலையில முதல்ல ஓட்டறது நோயாளி ரத்தம் இல்லைங்க. அளவு ஏற்கெனவே தெரிஞ்ச ஒரு மாதிரி. அது சரியா வந்தாதான் கருவி சரி. அப்புறம்தான் மத்ததெல்லாம். நீங்களும் மோட்டாருக்கு அப்படித்தானே பண்ணுவீங்க?"

அப்பாவின் தொழில் கௌரவத்தில் கைவைத்தாகிவிட்டது. "பின்ன? நாங்க பண்ணாமலா? தினமும் பண்ணுவோம்!"

"அப்போ மார்க் தெரிஞ்ச ஒரு புது லேப்டாப் வேணும். பக்கத்துல வெச்சு ஓட்டிப் பார்க்க."

"அதுக்கு எங்க போறது?"

"கடையில ஏழு நாளைக்குள்ள திருப்பி எடுத்துக்கறாங்களாமே. விளம்பரத்துல பார்த்தேன்."

அப்பா முகத்தில் விளக்கு எரிந்தது. ஓசியில் ஒரு சோதனைக் கருவி! "நாளைக்கே கொண்டு வரேன். இருக்கறதுலயே மட்டமான ஒண்ணு."

"மட்டமானதைக் கொண்டுவந்தா இவ ஒத்துக்க மாட்டா. வாதாடுவா."

"நிச்சயமா வாதாடுவேன்!" என்றேன்.

"பாருங்க. நல்லதாவே எடுங்க. திரை கொஞ்சம் பெருசா இருக்கட்டும். மார்க்கைப் பார்த்து எழுத வேண்டியது நான்தானே? எனக்கு இப்பல்லாம் பொடி எழுத்து தெரியறதில்லை."

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வீட்டுக்குள் புது லேப்டாப் வந்தது. பெட்டி திறந்த வாசனையே தனி. இரண்டு வெள்ளைத் தெர்மாகோல் கட்டைகளுக்கு நடுவே மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்தது. நான் தொடப்போனேன்.

"தொடாதே! திருப்பிக் கொடுக்கணும்" என்றார் அப்பா.

அம்மா பில்லை வாங்கினார். மருந்து அட்டையைப் படிப்பதுபோல் முன்பக்கம் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் படித்தார். நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

புதிதின் மதிப்பெண் எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு. இணையத்தில் போட்டிருந்ததும் கிட்டத்தட்ட அதே. ஆக, கருவி சரி. புதன்கிழமை பழசு பரீட்சைக்கு உட்கார்ந்தது. ஆயிரத்து நூற்றிருபது.

"ஃபெயில்!" என்று கத்தினேன். மாடி வீட்டு மாமா எட்டிப் பார்த்தார்.

அப்பா துவளவில்லை. "மறுபடி எடுக்கணும்."

"எடுங்க" என்றார் அம்மா.

"அம்மா! அது எப்படி?"

"முடிவு பிடிக்கலைன்னா நோயாளி மறுபடி எடுக்கச் சொல்லுவாங்கடி. எடுத்துக் கொடுத்துட்டே இருக்கணும். அவங்களே ஒரு நாள் நிறுத்துவாங்க."

வியாழக்கிழமை அப்பா டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தார். ஆயிரத்து இருநூற்று அறுபத்துநாலு. ஏறியது, ஆனால் போதவில்லை. அப்பா லேப்டாப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். தொழிற்சாலையில் அவரை எதற்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

"தப்பு எங்கன்னா, இது தரையோட தரையா ஒட்டிக் கிடக்கு. அடியில காத்துப் போக வழியில்ல. எந்த மோட்டாரையும் இப்படி வெக்க மாட்டோம். கால் வெச்சுத் தூக்கணும்."

ஸ்பூன் வைத்தார். சறுக்கியது. தீப்பெட்டி வைத்தார். நசுங்கியது. என் தடித்த புள்ளியியல் புத்தகங்கள் இரண்டை எடுத்துப் பாலம்போல் வைத்தார். அவற்றை நான் பிடுங்கிக்கொண்டேன், அறிவுக்கு அவமரியாதை என்று. வழுக்காத, நசுங்காத, ஆடாத ஒன்று வேண்டும். அப்பாவின் கண் வீட்டைச் சுற்றி வந்தது. மூலையில் போய் நின்றது.

தெர்மாகோல்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம். கூடத்தின் நடுவில் அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து தெர்மாகோல் அறுக்கிறார். கிரீச் கிரீச்சென்று பல் கூசுகிறது. தலைமுடியெல்லாம் வெள்ளை உருண்டைகள். மழுங்கிய கத்தி. அது அறுக்கவில்லை, பிய்க்கிறது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். உள்ளே போனார். வந்தார்.

"ஏங்க, அது மழுங்கல். இதை வெச்சுக்கோங்க."

புதுக் கத்தி. காய்கறிக்குக்கூட எடுக்காமல் உறைக்குள் வைத்திருந்த கத்தி!

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சமையலறைக்குள் அம்மாவை மடக்கினேன்.

"நீங்க யார் பக்கம்?"

"நான் கருவி பக்கம்."

"ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குத் துணையா நிக்க வேண்டிய இடம் இது. நீங்க அங்க போய்க் கத்தி சப்ளை பண்றீங்க!"

"காயை நறுக்கிட்டே பேசுடி. கத்தி இருக்கு, மழுங்கினது."

நான்கு கால்கள் தயார். பழைய லேப்டாப் நான்கு வெள்ளைக் கால்களில் நின்றது, குதிகால் செருப்புப் போட்டதுபோல. பக்கத்தில் ஃபேன். ஒரு மணி நேர வேலை. மூன்று ஓட்டம். அம்மா சராசரி போட்டார்.

ஆயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

அப்பா குதித்தார். அந்த முதுகோடு! "பன்னெண்டு! பன்னெண்டு மார்க்ல பாஸ்!"

"பன்னெண்டெல்லாம் வித்தியாசமே இல்ல. அளவீட்டுப் பிழைக்குள்ள அடங்கிடும். இன்னும் முப்பது தடவை ஓட்டினாத்தான் புள்ளியியல்படி..."

"உங்கம்மா மூணுன்னா மூணு."

"மார்க் மட்டும் பத்தாது" என்றார் அம்மா. எனக்கு உயிர் வந்தது. "அவ கணக்கும் ஓடி முடியணும். நாளைக்கு ஓட்டுங்க. முடிஞ்சா பாஸ்."

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு ஓட்டினோம். அப்பா எதிரே உட்கார்ந்துகொண்டார், பிரசவ அறை வாசலில் நிற்பவர்போல. நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். நின்றுபோ. வழக்கம்போல உறைந்துபோ. ஒன்பது வருடம் என்னைப் பழிவாங்கினாயே, இன்று ஒரு நாள் பழிவாங்கு.

இரண்டரை மணிக்கு முடிந்தது. பத்தாயிரம் ஓட்டமும். ஒரு பிழை இல்லை. ஐந்தரை மணி நேரம். என் ஆய்வேட்டுக்கு உயிர் கொடுக்கும் முடிவுகள் அத்தனையும் திரையில் வரிசையாக வந்து நின்றன. வாழ்க்கையில் எந்த வெற்றியையும் நான் இவ்வளவு வெறுத்ததில்லை.

அம்மா தீர்ப்பை ஒரு தாளில் எழுதினார். பழைய லேப்டாப், மதிப்பெண் ஆயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு, மகளின் ஆய்வுக்குத் தகுதியானது. அப்பா கையெழுத்துப் போட்டார். தொழிற்சாலை முத்திரை மட்டும் கையில் இல்லை, இருந்திருந்தால் குத்தியிருப்பார். நானும் போட்டேன். போடாமல் இருக்க ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

அப்பா கூடத்தின் நல்ல மூலையில், ஜன்னலோரமாக, நாற்காலிக்கு இடம் அளந்து தரையில் டேப் ஒட்டினார். மாடிக்குப் போய் மாமாவிடம் சொல்லிவிட்டும் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆறாவது நாள். அப்பா விசிலடித்துக்கொண்டே புது லேப்டாப்பைத் துடைத்தார். வயரைச் சுற்றினார். பெட்டியைக் கொண்டுவந்தார்.

"பில் எங்க?"

அம்மா கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "பின்பக்கம் ஒரு தடவை படிச்சிடுங்க."

அப்பா படித்தார். முதலில் சத்தமாகத்தான் படித்தார். "திருப்பித் தரும் பொருள், வாங்கிய பெட்டியுடன், உள்ளே இருந்த பாதுகாப்புக் கட்டைகளுடன், எந்தச் சேதமும் இல்லாமல்..." சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது.

மூவரும் திரும்பிப் பார்த்தோம். மேசைமேல் பழைய லேப்டாப் நான்கு வெள்ளைக் கால்களில் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது.

"ஒட்ட வெச்சிடலாமா?" என்றார் அப்பா.

"மீதியை நேத்துதான் கூட்டி அள்ளினேன்" என்றார் அம்மா.

அப்பா கடைக்குப் போன் போட்டார். "தெர்மாகோல்தானே சார்... இல்ல சார், அறுத்துட்டோம்... நாலா... இல்ல சார், கால் மாதிரி..." எதிர்முனையில் யாரோ யாரையோ கூப்பிட்டு இதைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பது எங்களுக்கே கேட்டது. அப்பா போனை வைத்தார். அம்மாவைப் பார்த்தார்.

"இது உனக்கு முதல்லயே தெரியுமா?"

"எனக்குப் படிக்கிற பழக்கம்ங்க."

"அப்போ அந்தக் கத்தியை எடுத்துக் கொடுத்தியே?"

"மழுங்கின கத்தியில கையைக் கிழிச்சுப்பீங்களேன்னு கொடுத்தேன். அது தப்பா?"

வருடத்துக்கு ஒரு பெரிய பொருள். இந்த வருடத்துப் பொருள் வந்துவிட்டது. பொத்தான் இல்லாமல், முதுகு பிசையாமல். அப்பா போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அது சாயவில்லை, சாய்ந்தது அவர்தான்.

எனக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. இதுவல்லவோ ராஜதந்திரம்! என் அம்மா! கருவி பக்கம் என்று சொல்லிக்கொண்டே என் பக்கம் நின்ற அம்மா! அவரைத் தவறாகப் பேசிவிட்டோமே என்று கண்கூடக் கலங்கியது. புது லேப்டாப்பை எடுக்கக் கையை நீட்டினேன்.

"கையை எடு" என்றார் அம்மா.

"ஏம்மா?"

"உனக்குத்தான் ஒண்ணு இருக்கே. பாஸ் ஆனது." தீர்ப்புத் தாளைக் காட்டினார். "கீழ யாரு கையெழுத்து?"

"என்னோடது. ஆனா... அப்போ இது யாருக்கு?"

அம்மா புது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார். மடக்கு மேசையை விரித்து, அப்பா ஒட்டிய டேப்புக்குள் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. அப்பா அளந்தால் அளவு தப்பாது.

"மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம். ரெண்டு வருஷ முதுகலை. வேலை பார்த்துக்கிட்டே வீட்டிலிருந்து படிக்கலாம். ஒரு மாசமா போன்ல வகுப்பு கேட்டுக் கேட்டுக் கண்ணே போச்சு."

"தியானம்னு சொன்னே?" என்றார் அப்பா, பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து.

"நான் எங்க சொன்னேன்? நீங்கதான் சொன்னீங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவையாவது காதுல என்ன கேக்கறேன்னு கேட்டீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் டேபிள் ஃபேனைப் பார்த்தேன். பெண் கல்வி பற்றி மூன்று மேடைகளில் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன் நான். கோப்பைகளைத் துடைத்து வைப்பவர் அம்மா.

ஆனால் அநியாயம் அநியாயம்தானே? வாதாடாமல் விட்டால் எனக்கு உறக்கம் வராது.

"இது நியாயமே இல்லம்மா. வீட்டுல ஒருத்தர் ஆசைப்பட்டாங்கன்னு..."

"நீதானேடி கேட்ட?" என்றார் அம்மா, இயர்போனை மாட்டிக்கொண்டே. "இந்த வீட்டுல ஒரு பொண்ணோட படிப்பு பெருசா, ஒரு ஆம்பளையோட முதுகு பெருசான்னு. ரெண்டு தடவை சொன்ன. எனக்கு மனப்பாடம்."

தீர்ப்புத் தாளில் என் கையெழுத்தை இன்னொரு முறை பார்த்தேன்.

"சரி... அடுத்த வருஷமாவது எனக்கு?" என்றேன்.

"அடுத்த வருஷம் உங்கப்பா. பாவம், டேப்பெல்லாம் ஒட்டி வெச்சாரு. அதுக்கப்புறம் நீ. வரிசையைப் பத்தி ஆராய்ச்சி பண்றவளுக்கு நானா சொல்லிக் கொடுக்கணும்?"

ஆய்வேட்டை நேற்று ஒப்படைத்துவிட்டேன். வரிசையில் நிற்பவரின் பொறுமை, தனக்கு முன்னால் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது என்று முடிவுரையில் எழுதியிருக்கிறேன். எனக்கு முன்னால் ஆளே இல்லை. ஒரு நாற்காலி நிற்கிறது.